ஓசையில்லாமல் ஓடும் தண்ணீர்



‘சிறு துளி பெரு வெள்ளம்’ என்ற பழமொழியைப் பெரும்பாலும் சேமிப்புக்குத்தான் சொல்வார்கள். பிள்ளைகளிடம் உண்டியலைக் கொடுக்கும்போதும், அஞ்சலகச் சேமிப்பு வங்கியில் கணக்குத் தொடங்கி வைக்கும்போதும் பெரியவர்கள் சொன்ன பழமொழி அது. ஆனால் அது செலவுக்கும் அப்படியே பொருந்தும். அதை உணர வேறெங்கும் போக வேண்டாம். வீட்டுக் குளியலறைக்குள் சென்று, கதவைச் சாத்திக்கொண்டு, இரண்டு நிமிடம் பேசாமல் நின்று காது கொடுத்தால் போதும்.

இன்றைய தலைப்பு, வீட்டுத் தண்ணீர்க் கசிவு. அதை எப்படிக் கண்டுபிடிப்பது, எதைத் தானே சரிசெய்யலாம், எதற்கு ஆள் அழைக்க வேண்டும், மேல்வீட்டுக் கசிவு கீழ்வீட்டுக் கூரையில் இறங்கினால் என்ன செய்வது என்பவை பற்றி ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

எது பெரிய திருடன்?

குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தால் அனைவருக்கும் எரிச்சல் வருகிறது. இரவில் தூக்கம் கெடுகிறது. உடனே கவனிக்கிறார்கள். சரி, அந்தச் சொட்டு எவ்வளவு தண்ணீரைக் கொண்டு போகிறது? நொடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்கு 86,400 சொட்டுகள். அளந்து பார்த்தால் 20 லிட்டருக்குச் சற்று மேல் வரும். ஒரு மாதத்தில் 600 லிட்டருக்கு மேல்.

சிங்கப்பூரில் 2025 ஏப்ரல் முதல், மாதம் 40 கன மீட்டர் வரை பயன்படுத்தும் வீடுகளுக்கு, கட்டணமும் தண்ணீர்ச் சேமிப்பு வரியும் கழிவுநீர்க் கட்டணமும் சேர்த்து ஒரு கன மீட்டருக்கு 3 வெள்ளி 24 காசு. பொருள் சேவை வரி தனி. ஒரு கன மீட்டர் என்பது 1,000 லிட்டர். ஆக, அந்தச் சொட்டுக் குழாயின் மாதச் செலவு ஏறத்தாழ இரண்டு வெள்ளி. ஒரு கோப்பை தேத்தண்ணீர்க் காசு!

இனி இன்னொரு கசிவைப் பாருங்கள். கழிப்பறை ஃபிளஷ் தொட்டியின் அடியில் உள்ள ரப்பர் மூடி தேய்ந்துவிட்டது. தண்ணீர் பீங்கானின் பின்சுவரில் ஒரு கண்ணாடித் தகடு போல வழிந்து இறங்குகிறது. சத்தமே இல்லை. பார்த்தாலும் தெரியாது. நிமிடத்திற்கு அரை லிட்டர் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 720 லிட்டர். மாதத்திற்கு 21.6 கன மீட்டர். கட்டணம் ஏறத்தாழ 70 வெள்ளி. அதுவே நிமிடத்திற்கு ஒரு லிட்டராக இருந்தால் 140 வெள்ளியையும் தாண்டிவிடும்.

2023ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் ஒருவர் வீட்டில் ஒரு நாளைக்குப் பயன்படுத்திய தண்ணீர் சராசரியாக 141 லிட்டர். 720 லிட்டரை 141ஆல் வகுத்துப் பாருங்கள். ஐந்து பேருடைய தண்ணீர்! யாருக்கும் தெரியாமல் ஐந்து பேர் அந்தக் கழிப்பறையில் குடியிருந்து, குளித்து, துணி துவைத்துப் போகிறார்கள் என்று பொருள்.

எனவே சத்தம் போடும் கசிவைவிடச் சத்தம் போடாத கசிவுதான் பெரிய திருடன். வீட்டில் தேட வேண்டியதும் அதைத்தான்.

முதல் சாட்சி மீட்டர்

வீட்டுக்கு வெளியே, நடைபாதையிலோ படிக்கட்டுப் பக்கத்திலோ உள்ள பெட்டிக்குள் தண்ணீர் மீட்டர் இருக்கிறது. பல ஆண்டுகள் ஒரே வீட்டில் வாழ்ந்தவர்களில்கூடப் பலர் அந்தக் கதவைத் திறந்து பார்த்ததில்லை. அதில் கறுப்பு எண்கள் கன மீட்டரைக் காட்டும். சிவப்பு எண்கள் அதற்கும் கீழே உள்ள லிட்டர்களைக் காட்டும். பல மீட்டர்களில் சிறிய சக்கரம் ஒன்றும் இருக்கும். மிகக் குறைவான தண்ணீர் போனாலும் அது சுற்றும்.

இரவு படுக்கப் போகுமுன் எல்லாக் குழாய்களையும் மூடுங்கள். துணி துவைக்கும் இயந்திரம் ஓடி முடித்திருக்க வேண்டும். கடைசியாக ஃபிளஷ் செய்த தொட்டி நிறையும் வரை பத்து நிமிடம் காத்திருங்கள். பிறகு சிவப்பு எண்கள் உட்பட அனைத்தையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது. காலையில் எழுந்ததும், யாரும் தண்ணீரைத் தொடுமுன் மீண்டும் பாருங்கள். எண் மாறியிருந்தால், எங்கோ கசிகிறது. இரவில் யாராவது கழிப்பறைக்குச் சென்றிருந்தால் கணக்குத் தவறிவிடும். அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எண் மாறியிருக்கிறது என்றால் அடுத்த வேலை, எங்கே என்று கண்டுபிடிப்பது. கழிப்பறைத் தொட்டிக்குப் போகும் சிறிய வால்வை மூடிவிட்டு மீட்டரைப் பாருங்கள். சக்கரம் நின்றுவிட்டால் குற்றவாளி அந்தத் தொட்டிதான். நிற்காவிட்டால் அடுத்த கழிப்பறை, கைகழுவும் தொட்டி, சமையலறை என்று ஒவ்வொரு வால்வாக மூடிப் பாருங்கள். எல்லாவற்றையும் மூடிய பிறகும் சக்கரம் சுற்றினால், கசிவு சுவருக்குள்ளோ தரைக்குள்ளோ ஓடும் குழாயில் இருக்கிறது. அது வீட்டுக்காரர் தொடும் வேலையல்ல. உரிமம் பெற்ற பிளம்பரை அழைக்க வேண்டும்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். மீட்டர் அசையவே இல்லை, ஆனாலும் தரை ஈரமாகிறது என்றால், கசிவு வரும் தண்ணீரில் இல்லை, போகும் தண்ணீரில் இருக்கிறது. கழிவுநீர்க் குழாயின் இணைப்பு, தரையின் நீர்த்தடுப்புப் பூச்சு, அல்லது மழைத்தண்ணீர் இறங்கும் சன்னல் ஓரம் என்று தேட வேண்டும். இந்த ஒரு சோதனை, தேவையில்லாமல் சுவரை உடைப்பதிலிருந்து பல வீடுகளைக் காப்பாற்றும்.

பொதுப் பயனீட்டுக் கழகம் 2022 முதல் சில வட்டாரங்களில் அறிவார்ந்த மீட்டர்களைப் பொருத்தத் தொடங்கியது. அவை இடைவிடாமல் தண்ணீர் ஓடுவதைக் கவனித்து, கசிவு இருக்கலாம் என்று வீட்டுக்காரருக்குத் தெரிவிக்கும். அந்த வசதி வந்த வீடுகளில் இரவுக் காவல் வேலை குறைந்துவிட்டது. ஆனால் கசிவு உண்டு என்று சொல்வதோடு மீட்டரின் வேலை முடிந்துவிடுகிறது. எந்த ரப்பர் தேய்ந்தது என்று வீட்டுக்காரர்தான் பார்க்க வேண்டும்.

கேசரிப் பவுடர் சோதனை

ஃபிளஷ் தொட்டியைச் சோதிக்கத் தமிழ்ச் சமையலறையிலேயே மருந்து இருக்கிறது. கேசரிப் பவுடர்! தொட்டி மூடியைத் திறந்து, ஒரு சிட்டிகை கேசரிப் பவுடரைத் தண்ணீரில் கலந்து ஊற்றுங்கள். அரை மணி நேரம் யாரும் ஃபிளஷ் செய்யக்கூடாது. பிறகு பீங்கானைப் பாருங்கள். உள்ளே இருக்கும் தண்ணீர் நிறம் மாறியிருந்தால், தொட்டி கசிகிறது. பவுடர் இல்லையென்றால், பீங்கானின் பின்சுவரை நன்றாகத் துடைத்துவிட்டு, ஒரு காய்ந்த மெல்லிய தாளை ஒட்டி வையுங்கள். தாள் நனைந்தால் கசிவுதான்.

கசிவுக்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, அடியில் உள்ள ரப்பர் மூடி சரியாக அடைக்கவில்லை. இரண்டு, தண்ணீரை நிரப்பும் மிதவை வால்வு நிற்காமல் நிரப்பிக்கொண்டே இருக்கிறது. அதிகப்படியான தண்ணீர் நடுவில் உள்ள வழிவுக் குழாய் வழியாக இறங்கிவிடுகிறது. எது என்று பிரித்தறியத் தொட்டியின் உள்சுவரில் தண்ணீர் நிற்கும் மட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு, வால்வை மூடுங்கள். அரை மணி கழித்துத் தண்ணீர் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் ரப்பர் மூடி. மட்டம் இறங்காமல் வழிவுக் குழாயின் வாயோடு நின்றிருந்தால் மிதவை வால்வு.

ரப்பர் மூடியானால் முதலில் கழற்றிக் கழுவிப் பாருங்கள். சில சமயம் பாசியும் சிறு மணலும் ஒட்டியிருப்பதே காரணம். ரப்பர் உப்பியோ உருமாறியோ விறைத்தோ இருந்தால் புதியது வாங்குங்கள். மிதவை வால்வு என்றால், வழிவுக் குழாயின் வாய்க்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் கீழே தண்ணீர் நிற்கும்படி திருகைச் சரிசெய்யுங்கள். அப்படியும் நிற்கவில்லை என்றால் வால்வை மாற்றுங்கள். கடைக்குப் போகும்போது பழைய பொருளைக் கையோடு கொண்டு போங்கள். ‘அது மாதிரி ஒன்று’ என்று வாயால் விளக்கி வாங்கிய பொருள் பெரும்பாலும் பொருந்துவதில்லை.

சொட்டும் குழாய்

சொட்டும் குழாயைச் சரிசெய்வது, கற்றுக்கொண்டால் அரை மணி வேலை. முதலில் அடியில் உள்ள வால்வை மூடுங்கள். வால்வு இல்லையென்றால் மீட்டர் பக்கத்தில் உள்ள பிரதான வால்வை மூடுங்கள். பிறகு குழாயைத் திறந்து, மிச்சத் தண்ணீரை வடித்துவிடுங்கள். கைகழுவும் தொட்டியின் ஓட்டையை ஒரு துணியால் அடைத்துக்கொள்ளுங்கள். சின்னத் திருகாணி ஓட்டைக்குள் விழுந்துவிட்டால், ஐந்து நிமிட வேலை ஐந்து மணி நேர வேலையாகிவிடும்.

திருகித் திறக்கும் பழைய வகைக் குழாயில், கைப்பிடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் தண்டை ஸ்பேனரால் திருகி எடுத்தால், அதன் நுனியில் ஒரு ரப்பர் வாஷர் இருக்கும். நடுவில் வட்டமாகப் பள்ளம் விழுந்திருந்தால் அதுதான் கசிவுக்குக் காரணம். அதே அளவு புதிய வாஷர் ஓரிரு வெள்ளிக்குக் கிடைக்கும். வாஷர் உட்காரும் இடத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். அங்கே சொரசொரப்போ பள்ளமோ இருந்தால் புது வாஷரும் விரைவில் தேய்ந்துவிடும். அப்போது குழாயையே மாற்றுவது நல்லது.

கைப்பிடியை மேலே தூக்கித் திறக்கும் இக்காலக் குழாய்களில் வாஷர் இல்லை. உள்ளே பீங்கான் தகடுகள் கொண்ட கார்ட்ரிட்ஜ் இருக்கிறது. அதைப் பிரித்துப் பழுதுபார்க்க முடியாது. முழுதாக மாற்ற வேண்டும். குழாயின் வாயில் சொட்டாமல் கைப்பிடியின் அடியில் கசிந்தால், கார்ட்ரிட்ஜ் அல்ல, ரப்பர் வளையம் போயிருக்கலாம்.

சொட்டுகிறதே என்று குழாயை மேலும் மேலும் இறுக்கி மூடும் பழக்கம் பலருக்கு உண்டு. அது வாஷரை இன்னும் வேகமாகத் தேய்க்கும். வயதான தாயாரும் சிறு பிள்ளைகளும் அந்தக் குழாயைத் திறக்கவே முடியாமல் போகும்.

தொட்டிக்கு அடியில் உள்ள ஆபத்து

கைகழுவும் தொட்டிக்கும் சமையலறைத் தொட்டிக்கும் அடியில், கம்பி பின்னிய வளையும் குழாய் ஒன்று இருக்கிறது. இருபத்து நான்கு மணி நேரமும் அது தண்ணீர் அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டே இருக்கிறது. பக்கத்தில் குளோராக்ஸ் போன்ற வெளுக்கும் திரவங்களை வைத்தால் அவற்றின் ஆவியும் கம்பியை அரிக்கும். பின்னல் அறுந்து முள் போல நீட்டிக்கொண்டிருந்தாலோ, துரு தெரிந்தாலோ, எங்காவது புடைத்திருந்தாலோ, கசியவில்லை என்றாலும் உடனே மாற்றிவிடுங்கள். அது சொட்டிச் சொட்டி எச்சரிக்காது. ஒரே நாளில் வெடித்துவிடும். வீட்டில் ஆளில்லாத நேரமென்றால் வரவேற்பறை வரை தண்ணீர்.

புதியதைப் பொருத்தும்போது முனையில் ரப்பர் வாஷர் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, கையால் இறுகத் திருகி, ஸ்பேனரால் கால் சுற்று மட்டும் திருகுங்கள். ரப்பர் உள்ள இணைப்புக்கு வெள்ளை டேப் தேவையில்லை. ரப்பர் இல்லாமல் மரையோடு மரை சேரும் இணைப்புக்கு மட்டுமே டேப். மரையின் முனை உங்களைப் பார்த்திருக்கும்படி பிடித்துக்கொண்டு, கடிகார முள் சுற்றும் திசையில் சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால், திருகும்போதே டேப் பிரிந்துவிடும்.

டிசம்பர் பள்ளி விடுமுறையில் இந்தியா செல்லும் குடும்பங்கள் பல. வீட்டைப் பூட்டுமுன் விளக்கையும் கேஸ் அடுப்பையும் பார்ப்பவர்கள், மீட்டர் பக்கத்து வால்வையும் மூடிவிட்டுப் போகலாம். சுடுநீர்க் கலன் இருந்தால் அதன் மின்விசையையும் மறக்காமல் அணைத்துவிடுங்கள்.

சுடுநீர்க் கலனைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அதிலுள்ள பாதுகாப்பு வால்வு, சூடாகும்போது சில துளிகளை வெளியேற்றுவது இயல்பு. அழுத்தம் கூடாமல் காப்பதே அதன் வேலை. சொட்டுகிறது என்று அந்த வாயை அடைத்துவிடக்கூடாது. அடைத்தால் கலன் வெடிக்கும் அபாயம் உண்டு. நிற்காமல் ஒழுகினால் மின்சாரத்தை அணைத்துவிட்டு, தொழில் தெரிந்தவரை அழையுங்கள். கசியும் தண்ணீர் விளக்கையோ மின்விசையையோ நெருங்கினாலும் முதல் வேலை மின்சாரத்தைத் துண்டிப்பதுதான்.

மேல்வீடு, கீழ்வீடு

இதுவரை சொன்னவை ஒரு வீட்டுக்குள் முடிந்துவிடும் வேலைகள். அடுக்குமாடி வாழ்க்கையில் மனத்தைக் கசக்கும் கசிவு வேறு ஒன்று இருக்கிறது. அது கூரையிலிருந்து வருவது.

ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள். கழக வீடு ஒன்றின் எட்டாவது மாடியில் ஒரு தமிழ்க் குடும்பம். குளியலறைக் கூரையில் மஞ்சள் கறை. முதலில் ஒரு காசு அளவு. பிறகு ஒரு தட்டு அளவு. வண்ணப் பூச்சு உப்பி, வெள்ளைப் பொடி உதிர்கிறது. வீட்டுக்காரருக்குக் கோபம். “மேல்வீட்டுக்காரருக்குக் கொஞ்சமாவது பொறுப்பு இருக்கா? இன்னைக்கே புகார் எழுதுறேன்” என்கிறார். மனைவி, “எழுதலாங்க. முதல்ல ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வர்றேன்” என்று, தட்டில் நாலு உளுந்து வடையை வைத்து மூடிக்கொண்டு மின்தூக்கியில் ஏறுகிறார்.

கதவைத் திறப்பவர் எழுபது வயதைக் கடந்த ஒரு மலாய் மாக்சிக். தனியாக இருக்கிறார். குளியலறையைக் காட்டுகிறார். கைகழுவும் தொட்டிக்கு அடியில் ஒரு வாளி. மூன்று மாதமாக அந்த இணைப்பு சொட்டுகிறது. வாளி நிறைந்ததும் தூக்கி ஊற்றுகிறார். இரவில் நிறைந்தால் தரையில் வழிகிறது. ஈரத்தில் கால் வைத்து ஒருமுறை வழுக்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு தப்பியிருக்கிறார். பிளம்பர் நூற்றுக்கணக்கில் கேட்பார் என்ற பயம். வேலைக்குப் போகும் பிள்ளைகளைத் தொல்லை செய்ய வேண்டாம் என்ற எண்ணம்.

கீழ்வீட்டில் கறை. மேல்வீட்டில், இடுப்பெலும்பு முறியக் காத்திருக்கும் ஒரு விபத்து. இரண்டுக்கும் காரணம் சில வெள்ளி பெறாத ஒரு ரப்பர் வளையம். புகார்க் கடிதம் மட்டும் போயிருந்தால், கறை ஒருவேளை போயிருக்கும். வாளியைப் பற்றி யாருக்கும் தெரிந்திருக்காது.

இப்படிப்பட்ட நேரத்தில் ஒழுங்கான வழி என்ன? முதலில் சொட்டும் இணைப்பைச் சரிசெய்து, தரையைக் காயவிட வேண்டும். பிறகு ஓரிரு வாரம் கறையைக் கவனிக்க வேண்டும். கறை வளராமல் காய்ந்தால், வண்ணம் பூசுவதோடு வேலை முடிந்தது. குளித்த பிறகெல்லாம் கறை மீண்டும் ஈரமானால், தரையின் நீர்த்தடுப்புப் பூச்சு வயதாகிவிட்டது என்று பொருள். இரவும் பகலும் ஒரே அளவாக ஈரமிருந்தால் தண்ணீர் வரும் குழாயைச் சந்தேகிக்க வேண்டும். மழை பெய்த பிறகு மட்டும் ஈரமானால், மேல்வீட்டின் மேல் பழியே இல்லை. வெளிச்சுவரைப் பார்க்க வேண்டும்.

நீர்த்தடுப்புப் பூச்சு போய்விட்டது என்றால் பொறுப்பு யாருடையது? வீவக வீடுகளில், மேல்வீட்டுத் தரையும் கீழ்வீட்டுக் கூரையும் ஒரே பலகைதான். எனவே பழுதுபார்ப்பில் இரு வீட்டு உரிமையாளர்களுக்கும் பங்குண்டு. செலவையும் இருவரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். வீவகவின் நல்லெண்ணப் பழுதுபார்ப்பு உதவித் திட்டத்தின் கீழ் வந்தால், செலவில் பாதியைக் கழகம் ஏற்கும். மீதியை இரு வீட்டாரும் கால் பங்கு, கால் பங்காகச் செலுத்துவார்கள். கூட்டுரிமை வீடுகளில் நிலைமை வேறு. அங்கே 2004ஆம் ஆண்டின் கட்டட, கூட்டுரிமை நிர்வாகச் சட்டப்படி, கீழ்வீட்டுக் கூரையில் கசிந்தால், வேறு காரணம் காட்டப்படாத வரை, கோளாறு மேல்வீட்டில்தான் என்று எடுத்துக்கொள்ளப்படும்.

பேச்சு முற்றினால் சமூக சமரச நிலையத்தை நாடலாம். 1998 முதல் அந்தச் சேவை சிங்கப்பூரில் இருக்கிறது. ஆனால் அதற்கு முன்பே வடைத் தட்டு போயிருந்தால், பல வழக்குகள் அங்கே போகாது.

கூரைக் கறையைத் தள்ளிப்போடக்கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கான்கிரீட்டுக்குள் இரும்புக் கம்பிகள் இருக்கின்றன. ஈரம் எட்டினால் கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிட அதிக இடத்தைப் பிடிக்கும். அந்த நெருக்கத்தில் கான்கிரீட் வெடித்து, துண்டு துண்டாக விழும். கீழே நிற்பது யார் என்று அது பார்ப்பதில்லை.

பழைய வீடுகளுக்கு 2007இல் தொடங்கிய இல்ல மேம்பாட்டுத் திட்டம் ஒரு நல்ல வாய்ப்பு. அதில் கழிவுநீர்ச் செங்குத்துக் குழாய் மாற்றுவதும், உதிரும் கான்கிரீட்டைச் சரிசெய்வதும் உண்டு. குளியலறையைப் புதுப்பிப்பது வீட்டுக்காரரின் விருப்பம். புதிய வீடு வாங்கியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கட்டடம் முடிந்த மூன்றாண்டுக்குள் குளியலறைத் தரைக்கற்களை உடைக்க அனுமதியில்லை. அழகுக்காக உடைக்கப்போய், அடியில் உள்ள நீர்த்தடுப்புப் பூச்சைக் கெடுத்துவிடக்கூடாது என்பதே காரணம்.

யாரை அழைப்பது?

மீட்டரில் கசிந்தால், பொதுப் பயனீட்டுக் கழகம். புளோக்கின் பொதுக் குழாய் வெடித்தால், நகர மன்றத்தின் அவசரப் பராமரிப்புச் சேவை. மீட்டருக்குப் பிறகு வீட்டுக்குள் வரும் குழாய் எல்லாம் வீட்டுக்காரரின் பொறுப்பு. வாஷர், ரப்பர் மூடி, வளையும் குழாய் போன்றவற்றைத் தானே மாற்றலாம். குழாய்ப் பாதையைத் திருப்புவது, சுவருக்குள் உள்ளதை மாற்றுவது போன்றவற்றுக்கு உரிமம் பெற்ற பிளம்பர் வேண்டும். அவரிடம் வேலை தொடங்குமுன் விலையை எழுத்தில் கேளுங்கள். மாற்றிய பழைய பொருளைக் கையில் வாங்கிப் பாருங்கள். மீட்டர் சோதனையை நீங்களே செய்து வைத்திருந்தால், எந்த இடம் என்று சொல்லி அழைக்கலாம். வீட்டையே உடைக்க வேண்டும் என்று யாராலும் பயமுறுத்த முடியாது.

ஜோகூர் உறவினருக்கும் ஒரு வார்த்தை

பாலத்துக்கு அப்பால் உள்ள தரைவீடுகளில் கூரைக்கு அடியில் சொந்தத் தண்ணீர்த் தொட்டி உண்டு. அங்கே சோதனையைச் சற்று மாற்றிச் செய்ய வேண்டும். இரவில் தொட்டி நிறைந்ததும், அதற்குள் தண்ணீர் வரும் வால்வை மூடிவிட்டு, தொட்டிக்குள் மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் தொட்டியிலோ, அங்கிருந்து வீட்டுக்குள் இறங்கும் குழாய்களிலோ கசிவு. மட்டம் அப்படியே இருக்க, வாசல் மீட்டர் மட்டும் ஓடியிருந்தால், மீட்டருக்கும் தொட்டிக்கும் இடையே மண்ணுக்கடியில் கசிவு. வெயில் காலத்திலும் வாசலில் ஓரிடத்துப் புல் மட்டும் பச்சையாக இருந்தால் அதுவும் ஓர் அடையாளம்.

மலேசியாவில் 2022ஆம் ஆண்டில் சுத்திகரித்து அனுப்பப்பட்ட தண்ணீரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வருமானம் தராத தண்ணீராகப் போனது. பழைய குழாய்களின் கசிவு அதில் பெரும்பங்கு. நாட்டுக் குழாயை அரசாங்கம்தான் மாற்ற வேண்டும். வீட்டுக் குழாயை வீட்டுக்காரர் மாற்றலாம்.

நினைவில் நிற்கும் வரிசை

1963ஆம் ஆண்டு வறட்சியில் சிங்கப்பூரில் தண்ணீர் பங்கிட்டுத் தரப்பட்டது. அன்று சிறு பிள்ளைகளாக இருந்தவர்கள் இன்று எழுபதைத் தாண்டிய தாத்தா, பாட்டிகள். வாளியோடு குழாயடியில் நின்றதையும், அம்மா ஒரே தண்ணீரில் அரிசி கழுவி, அதையே செடிக்கு ஊற்றியதையும் அவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அன்றிருந்த நிலைமை இன்றில்லை. புதுநீர் 2003இல் வந்தது. கடல்நீரைக் குடிநீராக்கும் முதல் ஆலை 2005இல் வந்தது. ஆனால் இரண்டுக்கும் மின்சாரம் வேண்டும், பணம் வேண்டும். ஜோகூரிலிருந்து தண்ணீர் பெறும் 1962ஆம் ஆண்டு ஒப்பந்தம் 2061இல் முடிகிறது. இன்று தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கு அப்போது நாற்பது வயதுகூட ஆகியிருக்காது.

2030க்குள் ஒருவரின் அன்றாடப் பயன்பாட்டை 130 லிட்டருக்குக் குறைப்பது சிங்கப்பூரின் இலக்கு. குறைவாகக் குளியுங்கள் என்று பிள்ளைகளை அதட்டுமுன், யாரும் குளிக்காத தண்ணீர் எவ்வளவு போகிறது என்று பார்ப்பதே நியாயம்.

எனவே நேயர்களே, இந்த நிகழ்ச்சி முடிந்ததும் செய்ய வேண்டியவை மூன்று. ஃபிளஷ் தொட்டியில் ஒரு சிட்டிகை கேசரிப் பவுடர். படுக்குமுன் மீட்டருக்கு ஒரு பார்வை. நாளைக் காலையில், மேல்வீட்டிலோ கீழ்வீட்டிலோ தனியாக இருக்கும் முதியவரிடம், “உங்கள் வீட்டில் குழாய் எல்லாம் சரியாக இருக்கிறதா?” என்று ஒரு கேள்வி. முதல் இரண்டும் பணத்தைக் காப்பாற்றும். மூன்றாவது ஒருவரின் இடுப்பெலும்பையே காப்பாற்றலாம்.